சுவரில் உட்காராத கூரை

மாசிலாமணி ஆசாரி வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான், செண்பகவடிவின் வீட்டுக் கூரை பல வருஷமாகச் சுவரில் உட்காராமலே இருந்திருக்கிறது என்கிற சங்கதி மேலப்பாறையூர் வடக்குத் தெருவுக்குத் தெரியவந்தது. அதுவரைக்கும் அது எல்லா ஓட்டுக் கூரையையும் போல இருந்தது, எல்லாக் கூரையையும் போல ஒழுகியது, எல்லாக் கூரையிலும் நடப்பது போல அதன்மேலும் பூனை நடந்தது. ஒருத்தரும் அண்ணாந்து பார்த்து இதென்ன கூத்து என்று கேட்டதில்லை.

ஆசாரியை வரச்சொன்னவள் வடிவு. அவளுடைய ஒரே மகள் உலகம்மைக்கு அது ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வரவேண்டும். அது யாரும் சொல்லிக்கொடுத்து வருகிற வழக்கமில்லை. ஆனால் சம்பந்தியம்மாள் வளைகாப்பு நடந்த கையோடு முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். “மயினி, தப்பா நெனைக்காதீய. ஒழுகுற வீட்டுக்கு வயித்துப்பிள்ளக்காரிய எப்படி அனுப்ப? கூரைய மாத்துங்க, மறுநாளே நாங்களே கொண்டாந்து விடுதோம்.” வடிவுக்கு அது செருப்பால் அடித்தது போல இருந்தாலும் அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வைகாசி பிறந்துவிட்டது. ஆனி பிறந்தால் மேற்கு மலையில் மேகம் இறங்கும், சாரல் என்று வெளியூர்க்காரர்கள் ஆசையாகப் பார்க்க வருகிற அந்த மழை, ஓட்டைக் கூரைக்குக் கீழே குடியிருக்கிறவர்களின் தலையில்தான் முதலில் விழும். மகளும் பேரப்பிள்ளையும் தன் வீட்டில் தன் கண்முன்னால் கிடக்கவேண்டும். வடிவுக்கு அந்த வருஷத்தில் வேறு ஆசை எதுவும் இல்லை.

மாசிலாமணி எடுத்த எடுப்பில் ஓட்டைப் பிடுங்குகிற ஆள் இல்லை. முதலில் கதவையும் சன்னலையும் சாத்திவிட்டு இருட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மேலே எங்கெங்கே வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிகிறது என்று பார்ப்பார். பிறகு ஏணி போட்டு ஏறி ஓடுகளை விரல்முட்டியால் தட்டி, கிண்ணென்று சத்தம் வந்தால் ஒரு மாதிரியும் பொத்தென்று வந்தால் வேறு மாதிரியும் தலையை ஆட்டுவார். ஓட்டைத் தாங்குகிற கைமரங்களைக் கம்பியால் குத்தி, உளுத்த இடத்தில் உதிர்கிற தூளை மூக்கருகில் கொண்டுபோய், கரையானா வண்டா என்று தீர்ப்புச் சொல்வார். முகட்டில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு அது எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது என்று பார்க்க அவசர அவசரமாகக் கீழே இறங்கி ஓடுவார். இத்தனைக்கும் நடுவே, தான் பிரித்த கூரைகளையும் தனக்குப் பயந்த கரையான்களையும் பற்றி அவர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். கடைசியாக, அளவெடுப்பதற்கு நூல் பிடிப்பார்.

அன்றைக்கு நூல் பிடித்தபோதுதான் அது நடந்தது. வடிவின் வீட்டுக்குள் சுவரின் உச்சியில் வைத்து இழுத்த நூல் சுவருக்கும் கூரைக்கும் நடுவில் புகுந்து, எங்கேயும் தட்டாமல் வெளியே தெருவுக்கு வந்துவிட்டது. ஆசாரி இன்னொரு பக்கம் விட்டுப் பார்த்தார், அங்கேயும் போனது. சுற்றிலும் விட்டுப் பார்த்தார். சுற்றிலும் போனது.

“வடிவு,” என்று ஏணியில் நின்றபடியே கூப்பிட்டார். “உன் கூரை சுவத்துல உக்காரலையே தாயி.”

“பின்ன எதுல உக்காந்திருக்கு?”

“ஒண்ணுலயும் இல்ல. சும்மா நிக்கி.”

வடிவு ஏணியடிக்கு வந்து அண்ணாந்தாள். “அப்ப மாத்துறதுக்கு லேசுதான,” என்றாள்.

“அதெப்படி லேசு? சுவத்துல இருக்கிற கூரையத்தான் எனக்குப் பிரிக்கத் தெரியும். அந்தரத்துல நிக்கிறதுல ஏறி ஒரு ஓட்ட எடுத்தேன்னு வையி, மிச்சம் எந்தப் பக்கம் சாயும்னு எவன் கண்டான்? அதவிடு. பழசு உக்காராத சுவத்துல புதுசு மட்டும் உக்காருமா? மொதல்ல இது உக்காரட்டும். உக்காந்த பெறகுதான் எடுக்க முடியும்.”

இந்த இடத்தில் அந்த வீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது ஒரு கூரையும் இரண்டு வாசலும் உள்ள வீடு. வடிவின் புருஷனும் அவன் தம்பியும் பாகம் பிரிந்தபோது, முகட்டுக்கு நேர்கீழே, கூரை முட்டுகிற வரைக்கும் ஒரு சுவர் எழுப்பினார்கள். கிழக்குச் சரிவுக்குக் கீழே உள்ளது அண்ணனுக்கு, மேற்குச் சரிவுக்குக் கீழே உள்ளது தம்பிக்கு. முகட்டு விட்டத்தை மட்டும் நெடுக்கே கிழிக்க முடியாது என்பதால் கூரை பொது என்றும், ஒருத்தர் சம்மதம் இல்லாமல் இன்னொருத்தர் கை வைக்கக்கூடாது என்றும் பேசிமுடித்தார்கள். பொது என்று சொன்ன அன்றைக்கே அதற்கு நாதி இல்லாமல் போயிற்று. ஓடு உடைந்தால் அண்ணன் உன் கூரை என்றான், தம்பி உன் கூரை என்றான். பிறகு அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள், சுவரை மட்டும் விட்டுவிட்டு. கிழக்கே சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற வடிவு. மேற்கே பீடி சுற்றுகிற கோமு, தம்பி பெண்டாட்டி, பிள்ளை இல்லாதவள். ஒரு சாரல் காலத்தில் மேற்குப் பக்கம் கொட்டோ கொட்டென்று கொட்ட, கோமு நடுச்சுவரைத் தட்டி, “அக்கா, சட்டி பானைன்னு ஏனம் ஏதும் இருந்தாக் குடுங்களேன்” என்று கேட்டாள். வடிவுக்கு அன்றைக்கு என்ன கோபமோ, “எங்க பக்கம் ஒழுகலையே” என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

ஆசாரி மேற்கு வாசலுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். கோமு பீடித்தட்டை மடியிலிருந்து இறக்காமல், தெருவைப் பார்த்து, “அந்த வீட்டுக் கூரைக்கு எங்கிட்ட ஏன் கேக்கீய?” என்றாள். கிழக்கு வாசலில் நின்ற வடிவு ஆகாயத்தைப் பார்த்து, “கண்டவ கூரைக்கு நான்தான் லோல்படணும்னு தலையெழுத்தா?” என்றாள். ஆசாரி திரும்பிப் பார்த்தபோது, நூல் நுழைந்த சந்தில் விரல் நுழைந்தது.

தெருவுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இத்தனை நாளாக இதைக் கவனிக்காமல் இருந்துவிட்டோமே என்கிற வெட்கம்தான் இருந்தது, அதை மறைக்க ஆளாளுக்கு முன்னாலேயே தெரியும் என்று சொல்லிக்கொண்டார்கள். டீக்கடை வன்னியராஜ், அந்த வீட்டுக்குள் மட்டும் மின்விசிறி இல்லாமலே காற்று வருவதைத் தான் எப்போதோ கவனித்ததாகச் சொன்னான். மின்வாரியத்து ஆள் வந்து பார்த்து, ஒயர் சுவரில்தான் ஓடுகிறது, கூரை எங்கே நின்றாலும் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று போய்விட்டார். வீட்டுவரி வாங்க வருகிறவர், கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருப்பதை மாடி என்று சொல்லலாமா கூடாதா என்று நெடுநேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார், பிறகு மோர் குடித்துவிட்டு அவரும் போனார்.

அப்புறம் எப்படி ஆரம்பித்தது என்று தெரியாது, வெள்ளிக்கிழமை தோறும் பெண்கள் மஞ்சள் நூல் கொண்டுவர ஆரம்பித்தார்கள். வரன் தகையாதவர்கள், வயிற்றில் புழுபூச்சி இல்லையே என்று ஏங்குகிறவர்கள், பிள்ளை பரீட்சையில் தேற வேண்டும் என்கிறவர்கள் எல்லாரும் கிழக்குப் பக்கம் நின்று நடுச்சுவரின் உச்சியில் நூலை விட, துணைக்கு வந்தவர்கள் மேற்குப் பக்கம் நின்று வாங்க, தட்டாமல் போய்விட்டால் காரியமும் தட்டாது என்று கணக்கு. ஆக, ஜென்மத்தில் விருந்தாளி பார்க்காத அந்த இரண்டு அரைவீட்டிலும் கூட்டம் நெரிந்தது. கிழக்கே வடிவு வந்தவர்களுக்குத் தண்ணீர் மோந்து கொடுத்தாள், மேற்கே கோமு தண்ணீர் மோந்து கொடுத்தாள், இரண்டு பேரும் தங்கள் பக்கத்துத் தண்ணீர்தான் ருசி என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னார்கள். வடிவுக்கு மட்டும் உள்ளுக்குள் எரிந்தது. ஊரெல்லாம் கும்பிடுகிற கூரை, ஒழுகாமல் இருந்தால் அல்லவா தேவலை? அதிசயத்துக்கு அடியில் வாளி வைத்துவிட்டுப் படுக்கிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

மகளின் நாள் நெருங்க நெருங்க அவள் ஆசாரியைப் போட்டு அரித்தாள். ஆசாரி தன் பட்டறையில் புதுக் கைமரங்களை இழைத்து, இரண்டு சரிவுக்கும் சட்டங்களைக் கோத்துத் தயாராகத் தெருவில் கொண்டுவந்து அடுக்கிவிட்டார், புது ஓடும் வந்து இறங்கிவிட்டது, பழசு உட்காரத்தான் மாட்டேன் என்றது. பாரம் ஏற்றிப் பார்க்கலாம் என்றார்கள். மணல் மூட்டை ஏற்றினார்கள், நெல் மூட்டை ஏற்றினார்கள், ஊரிலேயே கனத்த உடம்புக்காரரான மாவுமில் அணஞ்சபெருமாளை முகட்டில் ஏற்றி உட்காரவைத்தார்கள். அவர் சுண்டல் தின்றுகொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார், கூரை குளத்தில் தோணி ஆடுகிற மாதிரி அவரைத் தாலாட்டியதே தவிர ஒரு நெல்லளவு இறங்கவில்லை. “கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போவானா,” என்று வன்னியராஜ் ஆசாரியைப் பார்த்துச் சொன்னான். ஆசாரி அன்றிலிருந்து அவன் கடையில் டீ குடிப்பதை நிறுத்தினார்.

கெட்ட பேச்சு கேட்டுத்தான் அது எழுந்தது, நல்ல பேச்சுக் கேட்டால் இறங்கும் என்று அடுத்ததாக ஒரு யோசனை பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவே அந்தக் கூரைக்கு அடியில் கூடி, கிழக்கே பாதியும் மேற்கே பாதியுமாக நின்று, ஒருத்தரை ஒருத்தர் நல்லவிதமாகப் பேசியது. வாய்க்கால் தகராறில் முகம் பார்க்காமல் இருந்தவர்கள் நலம் விசாரித்தார்கள். மாமியார்கள் மருமகள்களின் ரசத்தைப் புகழ்ந்தார்கள். வன்னியராஜ் ஆசாரியின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டு, ஆசாரி அழுதேவிட்டார். அந்த ஒரு நாளில் வடக்குத் தெருவில் தீர்ந்த பகை எந்தக் கோர்ட்டிலும் தீர்ந்திருக்காது. கூரை அசையவில்லை. மற்றவர்கள் கூடிக்கொண்டால் அதற்கென்ன வந்தது?

அந்த வாரமே உலகம்மைக்குப் புருஷன் ஊர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. வடிவு போய்ப் பார்த்துவிட்டு, கைமருந்தும் எண்ணெயும் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் குழந்தையை மடியில் வைத்திருந்த நேரம் முழுவதும் சம்பந்தியம்மாள் பக்கத்திலேயே நின்றாள், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இரண்டு தரம் சொன்னாள். “மயினி, ஒழுகுற வீடுன்னாலும் பரவாயில்ல. பறக்குற வீடுங்காவளே, அங்க எப்படிப் பச்சப்பிள்ளய அனுப்ப?” வீட்டுக்கு வந்து வடிவு சுவரில் சாய்ந்துகொண்டு வாய்விட்டு அழுதாள். பிரசவம்தான் தன் வீட்டில் இல்லை என்று ஆகிவிட்டது. பச்சை உடம்போடு மகள் வந்து தன் கையால் பத்தியச் சோறு தின்று, தன் கையால் பேத்தியைக் குளிப்பாட்டுகிற பாக்கியமும் போய்விட்டால் அப்புறம் தாய் என்று ஒருத்தி எதற்கு?

சந்து அதற்குள் பூனை நுழைகிற அளவுக்கு ஆகியிருந்தது. நடுச்சுவருக்கும் முகட்டுக்கும் நடுவில் இந்த வீட்டு வெளிச்சம் அந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக் கருவாட்டு வாசம் இந்த வீட்டுக்கும் போய்வந்தன. அழுகைச் சத்தமும் போயிருக்க வேண்டும். சுவரின் மேல் படுத்திருந்த பூனையிடம் கோமு பேசுவது வடிவுக்குக் கேட்டது.

“ஏ பூன, பிள்ள எப்படி இருக்குன்னு யாராச்சும் சொன்னாவளா உங்கிட்ட?”

வடிவு மூக்கைச் சிந்திக்கொண்டு பூனையைப் பார்த்தாள். “நல்லா இருக்குன்னு சொல்லு. அவ அம்மை மாதிரி நெத்தி.”

“நெத்தி மேடாத்தான் இருக்கும். அவ அம்மைக்கு ஆறு மாசம் வரைக்கும் உருவி உருவி விட்டது யாராம்?”

“ஒத்துக்கிட்டேன்னு சொல்லு பூன.”

பேச்சு முறிந்தவர்கள் சுவருக்குச் சொல்வதும் ஆட்டுக்குட்டிக்குச் சொல்வதும் அந்தப் பக்கத்தில் உள்ளதுதான், ஆனால் ஒரு பூனை அத்தனை பொறுமையாக இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. பூனை வழியாகக் கூரையை மாற்றச் சம்மதம் கேட்கப்பட்டது, பூனை வழியாகக் கொடுக்கப்பட்டது. பூனை வழியாக, ஏனம் கேட்ட அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்றுகூட வடிவு சொன்னாள். அதற்கு மட்டும் மேற்கிலிருந்து பதில் வரவில்லை. மறுநாள் விடிந்ததும் வடிவு ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தாள். கூரை நின்ற இடத்தில்தான் நின்றது. மன்னிப்புக்கு மேல் இதற்கு என்ன எழவு வேண்டும் என்று அவளுக்குப் புரியவில்லை.

ஆனி பிறந்து மலையில் மேகம் கட்டிக்கொண்டிருந்த ஒரு காலை வேளையில், தெருமுனையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு உலகம்மை இறங்கினாள். புருஷனிடம் சொல்லியாயிற்று, மாமியாரிடம் சொல்லவில்லை.

“எம்மா, ஒழுகுனா ஒழுகட்டும், பறந்தாப் பறக்கட்டும். எனக்கு உன் சோறு வேணும்,” என்று நடுத்தெருவில் நின்று சொன்னாள்.

வடிவு பாய்ந்து போய்க் குழந்தையை வாங்கினாள். அதே நேரத்தில் மேற்கு வாசலிலிருந்து கோமுவும் வந்துவிட்டாள், பீடியிலை ஒட்டின கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு. பல வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்றார்கள்.

“பிள்ளய இங்கன கொண்டா,” என்றாள் கோமு. நடுவில் பூனை இல்லை. “என் பக்கம் கிடக்கட்டும்.”

“ஏன், இவளப் பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் நிக்கேன்ல?”

“பெத்துப்போட்டாப் போதுமா? நீ சோறு பொங்கப் போயிருவ. காலைல போனா மதியம் வருவ. அதுவரைக்கும் பிள்ளய யாரு பாப்பா? நான் வீட்ல இருக்கவ.”

“நான் லீவு போடுவேன். உன் வீடு முழுக்கப் பீடித்தூளு. பச்சப்பிள்ள மூச்சு விட வேண்டாமா?”

“தூள அள்ளிக் குப்பையில போட எனக்குத் தெரியாதா? இவள என் மடியில போட்டு வளத்தப்ப எந்தத் தூளு இவ மூக்குல போச்சு?”

தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. ஒரு சொல்லுக்கு ஒரு விரல் உயர்ந்த கூரை, இந்தச் சண்டைக்கு எங்கே போய் நிற்கும்? அணஞ்சபெருமாள் கயிறு கொண்டுவாங்கடா என்று கத்தினார். “ஐயோ, சண்ட போடாதீய, மேல பாருங்க,” என்று வன்னியராஜ் கும்பிட்டான். இரண்டு பேரும் மேலே பார்க்கிற நிலையில் இல்லை.

“உன் பக்கம் கொட்டோ கொட்டுன்னு கொட்டும்,” என்றாள் வடிவு.

“கொட்டட்டும். பிள்ள மேல ஒரு பொட்டு விழ விடுவேனா? விடிய விடிய நின்னு நானே பிடிச்சுக்கிடுவேன்.”

“என்னத்தப் பிடிப்ப?”

“கூரைய. என் கூரைய நான் பிடிப்பேன்.”

“உன் கூரையா? யாரு கூரைய யாரு பிடிக்க? அது என் கூரை. நான் தாங்குவேன்.”

“அதெப்படி உன் கூரை ஆகும்? என் கூரை!”

“என் கூரைங்கேன்!”

தலைக்கு மேலே ஏதோ முனகியது. என் கூரை என்று இவள் சொல்ல ஒரு சாண் இறங்கியது, என் கூரை என்று அவள் சொல்ல இன்னும் இறங்கியது, கடைசியாக இரண்டு பேரும் ஒரே மூச்சில் கத்தியபோது, களைத்துப்போனவன் திண்டில் உட்காருகிற மாதிரி, தொம்மென்று கூரை சுவரில் உட்கார்ந்தது. பூனை அலறிக்கொண்டு தெருவில் குதித்தது. நான்கைந்து ஓடு சரிந்து விழுந்து உடைந்தன. தெருவெல்லாம் தூசி எழுந்தது. குழந்தை தும்மியது.

ஆசாரி நூலை எடுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடினார். எங்கேயும் நுழையவில்லை.

“உக்காந்துட்டு,” என்றார், தானே உட்காரவைத்தது போல. “ஏ, ஏணியக் கொண்டாங்கப்பா. இன்னைக்கே பிரிச்சாகணும். திரும்ப எந்திரிச்சிட்டுன்னா என்னால ஆகாது.”

அன்றைக்கு அந்தத் தெரு வேலை செய்தது போல எந்தத் தேர்த்திருநாளுக்கும் செய்ததில்லை. உலகம்மையும் குழந்தையும் வன்னியராஜ் வீட்டில் உட்கார்ந்திருக்க, கைக்குக் கை மாறிப் பழைய ஓடு இறங்கியது, உளுத்த கைமரம் இறங்கியது, ஊர் கண்டிராத அந்த மகிமைக் கூரை, வெறும் விறகும் சில்லுமாகத் தெருவோரத்தில் குவிந்தது. நூல் விட்டு வரன் தகைந்த ஒருத்தி மட்டும் ஒரு சில்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மதியம் சாய்வதற்குள் சுவர்கள் மொட்டையாக நின்றன, புது முகட்டு விட்டமும் ஏறிவிட்டது. ஆனால் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது, காற்றில் ஈரம் இருந்தது.

“ஒரு சரிவுதான் இன்னைக்கு முடியும்,” என்றார் ஆசாரி. “ஒரு பக்கம் காயும், ஒரு பக்கம் நனையும். பிள்ள காஞ்ச பக்கம்தான் கிடக்கணும். எந்தப் பக்கம் மொத?”

“எங்க பக்கம்,” என்றாள் வடிவு.

“எங்க பக்கம்,” என்றாள் கோமு.

“நீங்க ரெண்டு பேரும் அதச் சொல்லித்தான இவ்வளவும் ஆச்சு. தாயம் போட்டுப் பாக்கவா?”

வடிவு ஏணியைப் பிடித்துக்கொண்டாள். தன் பக்கத்துச் சுவர்தான் ரொம்பவும் இற்றுப்போயிருக்கிறது, அதைத்தான் முதலில் மூட வேண்டும் என்று ஆசாரிக்கே காட்டிக்கொடுப்பதற்காக, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, யார் சொல்லியும் கேட்காமல் ஏறினாள். நடுச்சுவரின் உச்சியை எட்டி, முகட்டு விட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக அந்த வீட்டை மேலேயிருந்து பார்த்தாள்.

கிழக்கே அவளுடைய கட்டில், அவளுடைய டிவி, மூலையில் ஒரு வாளி. மேற்கே, மலையில் மேகம் கட்டியதும் கோமு பரப்பி வைத்ததில், தரை தெரியவில்லை. அண்டா, குடம், சருவம், சட்டி, கிண்ணம், மூடி, தம்ளர் என்று சுவருக்குச் சுவர் ஏனமாக இருந்தது, அவற்றுக்கு நடுவே நடந்துபோக ஒற்றைக்கால் தடம் ஒன்று. ஏனம் இல்லாத இடங்களில் சொட்டிச் சொட்டி சிமெண்டு குழிந்துபோயிருந்தது. காய்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, நடுச்சுவரை ஒட்டி, ஒரு ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டால் கொள்ளும்படிக்கு. அங்கே ஒரு பாய் நாலாக மடித்துப் போட்டிருந்தது, சுவரோரமாக ஒரு தலையணை. வடிவு குனிந்து இந்தப் பக்கம் பார்த்தாள். அதே இடத்தில், சுவரின் இந்தப் புறத்தில், தன் கட்டிலின் தலைமாடு. ஒரு செங்கல் கனம்தான் நடுவில். இத்தனை வருஷமாக அவளும் கோமுவும் தலையோடு தலை வைத்துத் தூங்கியிருக்கிறார்கள், ஒருத்தி காலை நீட்டிக்கொண்டு, ஒருத்தி நீட்ட இடமில்லாமல்.

கேட்டபோது ஒரு சட்டியைத் தூக்கிக் கொடுத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் என்று வடிவு தன்னையே திட்டிக்கொண்டாள். பூனையிடம் சொல்லி அனுப்பினால் தீருகிற சங்கதியா இது?

“என்ன வடிவு, சுவரு எப்படி இருக்கு?” என்று ஆசாரி கீழேயிருந்து கேட்டார்.

“மேக்க இருந்து தொடங்குங்க ஆசாரியாரே.”

“அப்ப உன் பக்கம் இன்னைக்கு நனையுமே?”

“நனையட்டும். பிள்ள அந்தப் பக்கம் கிடக்கட்டும்.”

தெருவில் நின்ற கோமு அண்ணாந்து பார்த்தாள். சண்டைக்குத் தயாராக வைத்திருந்த வாயை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கோபமாகவே கேட்டாள். “அப்ப நீ எங்கக்கா படுப்ப?”

வடிவு முகட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். “உன் பாயி ரெண்டு பேருக்குக் காணுமா?”

“மடிச்சுல்லா போட்டிருக்கேன்,” என்றாள் கோமு. “விரிச்சா அது பெரிய பாயி.”

மலையில் முதல் இடி உருண்டது. ஆசாரி மேற்குப் பக்கத்துக்கு ஓடி, முதல் சட்டத்தைத் தூக்கித் தரச்சொல்லிச் சத்தம் போட்டார்.